நெடுநல்வாடை: சும்மா கிடக்கும் பொருள்களின் பட்டியல்

நெடுநல்வாடையைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டு நிமிஷத்தில் பேச்சு வேம்புக்குப் போய்விடுகிறது. 188 அடிப் பாட்டு. அதில் ஓரிடத்தில் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ, ஆகவே தலைவன் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் இல்லை, புறம். இது நச்சினார்க்கினியர் சொன்ன முடிவு. அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு இன்றைக்கும் தேர்வுத்தாளில் "அகமா புறமா, விளக்குக" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் படித்தது பி.இ., தமிழ்த்துறைப் பக்கமே போனதில்லை. அதனாலோ என்னவோ எனக்கு இந்த வழக்கில் பெரிய ஆர்வம் இல்லை. எனக்கு இந்தப் பாட்டு வேற ஒரு விஷயத்துக்காக முக்கியம்: அடைமழைக் காலத்தில் ஒரு வீடு எப்படி இருக்கும்னு தமிழில் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெடுத்த பாட்டு இன்னொன்று எனக்குத் தெரியாது.

பொதுவாக உரைகளிலும் வகுப்புகளிலும் முதல் பாதியை "கூதிர்கால வருணனை" என்று ஒரே வரியில் தாண்டிப் போவார்கள். அரசியின் பிரிவுத் துயரம்தான் விஷயம், மழையும் வாடையும் பின்னணித் திரை. இந்த வாசிப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் பார்க்கிறேன்.

குளிர் மிகையா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் பாட்டில் மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்கு கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. பறவைகள் விழுகின்றன. கறவை மாடு பால் குடிக்க வரும் கன்றை உதைத்துத் தள்ளுகிறது. மலையே குளிர்ந்துபோனது மாதிரி ஒரு நள்ளிரவு. கனடாவில் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள் அனுப்பும் வீடியோவைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால், "மதுரையிலயா இவ்வளவு குளிர்?" என்று கேட்கத் தோன்றும்.

தஞ்சாவூரிலோ மதுரையிலோ கார்த்திகையில் தெர்மாமீட்டர் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆனால் இங்கே குளிர் என்பது தெர்மாமீட்டர் சமாச்சாரம் மட்டும் இல்லை. நனைந்த உடம்பில் காற்று அடித்தால் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். நாள் முழுக்க மூடாக்கு போட்டிருந்தால் பகல் சூடே ஏறாது, ராத்திரிக்கும் பகலுக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். அடைமழையில் சம்பா நடவுக்கு வரப்போடு ஒருதரம் போய் வந்தவர்களுக்குப் பல் கிட்டிப்போவது என்றால் என்னன்னு தெரியும். பாட்டின் ஆரம்பத்தில் வரும் கோவலர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். வெள்ளத்தை வெறுத்து மந்தையை வேற மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாலை நனைந்துவிட்டது. கையில் கொள்ளிக்கட்டை. அப்படியும் கன்னம் நடுங்குகிறது. பனி என்ற சொல்லையே அங்கே பாட்டு போடுகிறது. அது வானத்திலிருந்து விழும் பனி இல்லை, உடம்பில் ஏறிய பனி.

வீட்டுக்குள்ளே

அப்புறம் பாட்டு ஊருக்குள்ளே வருகிறது. இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. நக்கீரர் வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதோடு, எதையெல்லாம் செய்யவில்லை என்றும் அடுக்குகிறார்.

வடநாட்டிலிருந்து வந்த சந்தனக்கல் சும்மா கிடக்கிறது. தெற்கிலிருந்து வந்த சந்தனக்கட்டையும் அதோடு கிடக்கிறது. கைதேர்ந்த தொழிலாளி செய்த விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டியிருக்கிறார்கள், அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. தென்றல் வருவதற்காக வைத்த கோடைக்காலப் பள்ளியறை ஜன்னல் திறக்கவே இல்லை, கதவுக்குத் தாழ் போட்டாச்சு. குறுகிய வாய்க் குடத்துத் தண்ணீரை யாரும் தொடவில்லை, அகன்ற வாய்த் தடவில் இருக்கும் நெருப்பைத் தேடிப் போகிறார்கள். தடவு என்பது நம்ம ஊர்க் குமுட்டி அடுப்பு மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். யாழின் நரம்பு குளிரில் சுருதி மாறிவிட்டது, ஆடுமகளிர் அதை மார்புச் சூட்டில் வைத்துச் சரிசெய்கிறார்கள். மாடத்துப் புறா ஜோடியோடு இரை தேடப் போகவில்லை, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கிறது.

நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டத்துக்கு என்ன ஆச்சுன்னு பார்க்க, வந்த பதிவுகளைப் படிப்பதோடு, வழக்கமாக வரவேண்டிய எந்தப் பதிவு வரவில்லை என்றும் பார்ப்போம். நக்கீரர் அதைத்தான் செய்திருக்கிறார். "குளிர்கிறது" என்று ஒரு பாத்திரத்தையும் சொல்ல வைக்கவில்லை. விசிறியில் சிலந்தி வலை கட்டியிருக்கு என்றால் எத்தனை நாளாக மழை என்பது வந்துவிட்டது.

எங்க பக்கத்து வீடுகளில் இதே பட்டியலை வேற பொருள்களோடு போடலாம். தீப்பெட்டி நமத்துப்போய்ப் பத்தாது. உப்பு ஜாடி தண்ணீர் விடும். முறுக்கு தொய்ந்துவிடும். வரட்டி எரியாமல் புகையும். கொடியை ரேழிக்குள் இழுத்துக் கட்டி மூணு நாளாகியும் துணியில் ஈர வாடை போகாது. இந்த மாதிரிப் பட்டியல் ஒரு வீட்டைத் தெரிந்தவரால்தான் போட முடியும்.

இரண்டு கடிகாரம், இரண்டு விளக்கு

சூரியனே இல்லாத நாளில் பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? பெண்கள் பிச்சி மொட்டுகளைத் தட்டில் பரப்பி வைத்திருக்கிறார்கள். மொட்டு விரிந்து மணம் வந்தால் சாயங்காலம். உடனே இரும்பு விளக்கில் எண்ணெய்த் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கும்பிடுகிறார்கள்.

கொஞ்ச அடி தள்ளி அரண்மனை கட்டிய விதம் வருகிறது. நிறைய பேர் இந்தப் பகுதியைச் சலிப்பு என்பார்கள். நடுப்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்துக்கொண்டு, நூல் பிடித்து மனை வகுக்கிறார்கள். சித்திரை மாதத்து நண்பகல் என்று உரை விளக்கும். மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வருவது உண்மைதான். அதாவது அரண்மனை வெயிலின் கணக்கில் எழுந்தது. அதே ஊரில் இன்றைக்கு வெயில் இல்லை, பூதான் கடிகாரம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரண்மனைப் பகுதி சலிப்பாக இருக்காது.

விளக்கும் அப்படித்தான். அரசியின் அறையில் யவனர் செய்த பாவை விளக்கு, கையிலேந்திய அகல் நிறைய நெய். பாட்டின் கடைசியில் பாசறை விளக்கு: வடகாற்று அடிக்கிற போதெல்லாம் சுடர் தெற்குப் பக்கம் சாய்கிறது. வாடை வடக்கிலிருந்து வருகிறது என்பதைச் சுடரை வைத்தே காட்டிவிட்டார். வடகிழக்குப் பருவக்காற்றுக்கு இதைவிடச் சரியான குறிப்பு வேணுமா?

யாருக்கு நல்ல வாடை?

தலைவியின் பொழுது நகராததால் நெடுவாடை, வெற்றி பெறும் அரசனுக்கு நல்வாடை. தலைப்புக்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் இது. அழகான விளக்கம்தான். ஆனால் பாட்டில் இருப்பது இரண்டே பேர் இல்லை.

பாட்டின் அமைப்பைப் பாருங்கள். முதலில் திறந்த வெளியில் கொள்ளியோடு நடுங்கும் கோவலர். நடுவில் கதவு அடைத்த வீடுகளும் அரண்மனையும். கடைசியில் மறுபடி திறந்த வெளி: அதே தூறலில் புண்பட்ட வீரர்கள், சேறான தெருவில் சேணம்கூட அவிழ்க்காமல் மேலே விழுந்த துளியை உதறும் குதிரைகள். நள்ளிரவில் சில பேரோடு அரசன் அவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான், அவ்வளவுதான், பாட்டு முடிகிறது. வீட்டின் கதகதப்புக்கு முன்னாலும் பின்னாலும் கூரையில்லாத ஆட்களை நிறுத்தியிருக்கிறார் நக்கீரர். முதல் பாதியைப் பின்னணி என்று ஒதுக்கினால் இந்த அமைப்பு கண்ணில் படாமலே போகும்.

பத்துப்பாட்டிலேயே முல்லைப்பாட்டையும் ஒப்பிடலாம். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது, நம்ம டெல்டாக்காரர். அதிலும் மழை, காத்திருக்கும் மனைவி, பாசறை எல்லாம் உண்டு. ஆனால் 103 அடியில் தலைவன் திரும்பிவிடுகிறான், குதிரைகளின் கனைப்பு அவள் காதில் விழுகிறது. நெஞ்சுக்கு ஆறுதல். நெடுநல்வாடையில் யாரும் திரும்பவில்லை, மழையும் விடவில்லை. எனக்கு இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது.

ஆனால் ஒரு குறையும் சொல்லியாகணும். ஊருக்குள் வந்த பிறகு நக்கீரர் காட்டுவதெல்லாம் வசதியான வீடுகள். ஒழுகும் கூரை ஒன்றுகூட இல்லை. வாசனைப் பொருள் அரைக்கும் வேலையாட்கள் வருகிறார்கள், அவர்கள் ராத்திரி எங்கே போய்ப் படுத்தார்கள் என்பது வரவில்லை. புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் காட்டும் அடுப்பும் சும்மாதான் கிடக்கிறது. சமைத்தே நாளானதால் அதில் காளான் பூத்திருக்கிறது. விசிறி சும்மா கிடப்பதும் அடுப்பு சும்மா கிடப்பதும் ஒண்ணா? நெடுநல்வாடையை இந்தப் புறப்பாட்டோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலத்து மழைக்கால வீடு முழுசாகக் கிடைக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் எங்க அத்தை வீட்டில் மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. மிக்ஸி, மோட்டார், ஃபேன், செல்போன் எல்லாம் சும்மா கிடந்தன. அத்தை அதைப் பற்றிப் புலம்பவில்லை. "நமக்கு மிக்ஸிதான் ஓடல, கீழத்தெருவுல மூடிப் படுக்கக் கூரை இல்லப்பா"ன்னுதான் சொன்னாங்க. கீழத்தெருவில் ஓலை மொத்தமும் பறந்துபோய், நனைந்த நெல் மூட்டையோடு ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நக்கீரரின் கோவலர்கள் இடம்பெயர்ந்த கதைதான் அது.

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சா. 1889இல் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். சொந்த ஊர் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரம். எத்தனையோ ஐப்பசி கார்த்திகை மழையைக் கண்ட மனிதர். இந்தப் பாட்டின் தலைவன் என்று சொல்லப்படும் நெடுஞ்செழியன் வென்ற தலையாலங்கானமும் குடவாசலிலிருந்து திருவாரூர் போகும் வழியில் இருக்கும் தலையாலங்காடுதான் என்பார்கள். பாட்டு எந்தப் போர்க்களத்தின் பெயரையும் சொல்வதில்லை, அதனால் பாசறை அங்கேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மழை நமக்குத் தெரிந்த மழை.

அடுத்த கூதிரில் மழை பிடித்துக்கொண்டால் இந்த 188 அடியையும் உரையோடு ஒருதரம் உட்கார்ந்து படியுங்கள். வேம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முல்லைப்பாட்டில் வரும் நாழிகை வட்டில் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது, அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.