போற்றித் திருவகவலும் கருவறை இடர்களும்

மணிவாசகப் பெருமானின் திருவாசகத்துள், போற்றித் திருவகவல் கருவின் இடர்களைத் திங்கள்தோறும் வகுத்துரைக்கும் பகுதி சமய வகுப்புகளிற் பெரிதும் எடுத்தோதப்படுவதாகும். பிரசவ மருத்துவம் முழுவதையும் அடிகள் அன்றே கண்டுவிட்டார் என்று மேடையிற் பேசுவாரும் உளர். அங்ஙனம் பேசுதல் நூலுக்கும் நன்றன்று, மருத்துவத்துக்கும் நன்றன்று.

அப்பகுதியின் அமைப்பை நோக்குக. முதல் திங்களுக்கு இருமையும், இரண்டாம் திங்களுக்கு ஒருமையும் இடராக மாற்றி வைக்கப்பட்டுள்ளன. இது சொல்லழகு. ஐந்தாந் திங்களுக்கும் எட்டாந் திங்களுக்கும் உரிய இடர்களை எதுகையே தேர்ந்தளித்தது எனலாம். ஏழாந் திங்களிற் புவியில் வீழ்தல் குறைமாதப் பேற்றைச் சுட்டக்கூடும். நான்காந் திங்களின் பேரிருளுக்கு அத்தகைய பொருள் காண்டல் அரிது. ஆகவே இஃது உடற்கூற்று அட்டவணை அன்று. அடிதோறும் மீண்டு வரும் 'பிழைத்தல்' என்னும் வினையிலேதான் அதன் ஆற்றல் தங்கியுள்ளது. பிறந்தார் ஒவ்வொருவரும் தப்பி வந்தவரே என்ற வியப்பை அவ்வினை ஊட்டுகின்றது.

எனினும் குறை ஒன்றுண்டு. தொடக்கத்தில் தாய் உதரமாக, அதாவது வெறும் இடமாகவே, வருகின்றாள். துயருறும் ஒருத்தியாக அவள் தோன்றுவது பத்தாந் திங்களிலேயாம். இடையிற் கரு தனித்துப் போராடுகின்றது. உண்மையோ வேறு. நஞ்சுக்கொடியில் தாயின் குருதியும் சேயின் குருதியும் தம்முட் கலவாது அணுகி ஓடி, உணவையும் ஒட்சிசனையும் கைமாற்றுகின்றன. (உயிரூட்டும் உறுப்பை நஞ்சென்று வழங்குவது மொழியின் விந்தைகளுள் ஒன்று.) ஏறத்தாழப் பத்து வாரம் வரை தாயின் குருதி அங்கே தடையின்றிப் பாய்வதில்லை, பின்னரே பெருகுகின்றது. நிறைமாதத்திற் கருப்பைக்கு நிமிடந்தோறும் 600 முதல் 700 மில்லிலீற்றர் வரை குருதி செல்கின்றது.

இன்றைய மருத்துவம் ஊசியுடன் அணுகுவதும் இவ்விடத்தையே. நஞ்சுக்கொடியின் சடைமுளைகளிற் சிறிதெடுத்து ஆராய்வது பத்து வாரம் நிறைந்தபின். பனிக்குட நீரை எடுப்பது பதினைந்து வாரம் நிறைந்தபின். நீரை அதற்கு முன்னர் எடுத்தவிடத்துக் கருச்சிதைவும் பாத வளைவும் மிகுந்தமையை 1998ஆம் ஆண்டுக் கனடிய ஆய்வு காட்டிற்று. 1986இல் டென்மார்க்கில் 4,606 பெண்களிடம் நடந்த ஆய்வில், நீர் எடுத்ததனால் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற் கருவிழப்பு மிகுந்தது. பிந்திய தொகுப்பாய்வுகள் அதனை ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை எனக் கணிக்கின்றன. ஊசியின் பின் தொப்புள் நாடியின் ஓட்டத்தை டொப்ளர் முறையால் அளந்த ஆய்வுகள் பலவும் குறிப்பிடத்தக்க மாறுதலைக் காணவில்லை.

இவ்வெண்கள் மலைநாட்டுக்குத் தொலைவானவை அல்ல. தலசீமியா மிகுந்த குருநாகல் கண்டிக்கு அயல் மாவட்டமே. வத்தேகமவில் வாழும் கணவன் மனைவி இருவரும் அந்நோயின் காவிகளாயின், கருத்தரிக்குந்தோறும் சேய்க்கு நோய் வருவதற்கு நாலில் ஒரு வாய்ப்புண்டு. அதனுடன் ஒப்பிடின் ஊசியின் இடர் சிறிது. ஆயினும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருவை அழிக்க இடங்கொடாது. நோய் உண்டென்று அறிந்த தாய், எஞ்சிய திங்கள்களை அவ்வறிவுடனேயே கழித்தல் வேண்டும். அகவல் பேரிருள் என்ற நான்காந் திங்களில் தொடங்கும் இத்துயருக்கு அதன் அடிகளில் இடமில்லை. அவ்வடிகளுக்கு மருத்துவப் பெருமை தேடுவோர், காவியரை இனங்காட்டும் குருதிப் பரிசோதனையைத் திருமணத்துக்கு முன்னரே செய்துகொள்ளலாம் என்பதையும் அதே வகுப்பிற் சொல்லலாம். அதற்குக் கருப்பையைத் தொடவேண்டியதில்லை. கையிலிருந்து சிறிது குருதி போதும்.