பூட்ஸுக்குள் நான்கு வினைகள்

கோவை காந்திபுரத்தில் உட்கார்ந்து ஸ்பானிஷ் வினைத் திரிபு படிப்பவருக்குத் தமிழே பாதி வேலையை முடித்துத் தந்துவிடுகிறது. ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’, ‘நான்’ தேவையில்லை. ‘ஆப்லாமோஸ்’, ‘பேசுகிறோம்’: இரண்டு விகுதியிலும் மகர ஒலி. பிடித்துக்கொள்ள இது போதும்.

இன்னும் அழகானது பூட்ஸ் படம். நினைப்பதைக் குறிக்கும் ‘பென்சார்’ வினையில் ஒருமையை இடப்பக்கமும் பன்மையை வலப்பக்கமும் மேலிருந்து கீழாக எழுத வேண்டும். ‘பியென்சோ’, ‘பியென்சாஸ்’, ‘பியென்சா’, வலப்பக்க அடியில் ‘பியென்சான்’: உயிர் திரியும் இந்த நான்கையும் சுற்றிக் கோடு இழுத்தால் பூட்ஸ் வந்துவிடும். திரியாத ‘பென்சாமோஸ்’, ‘பென்சாயிஸ்’ இரண்டும் அதற்கு வெளியே. ஒருமுறை வரைந்த கை மறக்காது.

வினைகளை மனத்தில் நிறுத்தும் இந்த வித்தை கொங்குக்குப் பழையது. பெருந்துறை அருகே சீனாபுரத்துக்காரர் என்று இப்பகுதி கொண்டாடும் பவணந்தி முனிவர், நன்னூலில் வினை விகுதிகளை மனப்பாடத்துக்கு வாகாகச் சூத்திரமாகவே கோத்திருக்கிறார்.