ஆமை நடக்கும் வகுப்பறை

சித்தப்பா ரிடையர் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் ஈராசிரியர் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர். 'ஈராசிரியர்' என்பது ரிக்கார்டில்தான். இன்னொருவர் பெரும்பாலும் சென்ஸஸ் வேலை, வாக்காளர் பட்டியல், அது இல்லாவிட்டால் மெடிக்கல் லீவு. ஆக, ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரை இவர் ஒருத்தரே.

சென்ற முறை ஊருக்குப் போனபோது லேப்டாப்பில் அவருக்கு ஒரு பிரெஞ்சு டாக்குமென்டரி போட்டுக் காட்டினேன். சப்டைட்டில் ஆங்கிலத்தில். புரை ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்து அவருக்கு ஆகாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பார்த்தார். ஒண்ணே முக்கால் மணி நேரப் படம் மூன்றரை மணி நேரம் ஓடியது. நடுவில் ஒரு காபி, ஒரு கரண்ட் கட்.

படத்தின் பெயர் 'எத்ர் ஏ அவ்வார்'. 2002-ல் நிக்கோலா ஃபிலிபேர் எடுத்தது. பிரெஞ்சுப் பிள்ளைகள் இலக்கணத்தில் முதலில் மனப்பாடம் செய்கிற இரண்டு வினைச்சொற்கள் இவை. முதலாவது, நான் இருக்கிறேன் என்பதற்கு. இரண்டாவது, என்னிடம் மாடு இருக்கிறது என்பதற்கு. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'இரு'தான். இதைச் சொன்னதும் சித்தப்பா, "நல்லதாப் போச்சு, நம்ம பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஒண்ணு மிச்சம்" என்றார்.

பிரான்சின் நடுவே ஓவெர்ன் என்ற மலைப்பகுதி. அங்கே ஒரு குக்கிராமத்தில் ஒரே அறையில் ஒரு பள்ளிக்கூடம். நாலு வயதிலிருந்து பத்து, பதினோரு வயது வரை ஒரு டஜனுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஜார்ஜ் லோபெஸ். 35 வருஷ சர்வீஸ். அதில் 20 வருஷம் இதே அறையில். நூறு பள்ளிகளுக்கு மேல் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஃபிலிபேர் இதைத் தேர்ந்தெடுத்தார். 2000 டிசம்பரிலிருந்து 2001 ஜூன் வரை ஒரு மூலையில் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னணிக் குரல் கிடையாது. புள்ளிவிவரம் கிடையாது.

முதல் காட்சியில் பனிக்காற்று ஊளையிட, மாடுகளை ஓட்டிப் போகிறார்கள். அடுத்தது யாரும் இல்லாத வகுப்பறை. தரையில் இரண்டு ஆமைகள் நிதானமாக நடந்து போகின்றன. பிறகு பனியில் வேன் வந்து நிற்கிறது, பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

நாலு வயதுப் பொடியன் ஒருத்தன் இருக்கிறான். கையெல்லாம், முகமெல்லாம் பேனா மை. உலகமே இவன் பெயரைச் சொல்லிக் கொஞ்சியது. நான் எழுதப்போவதில்லை. இன்றைக்கு அவனுக்கு முப்பதை நெருங்குகிற வயது. நாலு வயதில் கை கழுவத் தெரியாமல் முழித்தது ஊர் ஊராகத் தியேட்டரில் ஓடினால் நமக்குப் பிடிக்குமா?

கலர் அடிப்பதை முடித்துவிட்டுத்தான் விளையாடப் போவேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். முடிக்கவில்லை. சார் கத்தவில்லை. "நேற்று நீ என்ன சொன்னாய்?" என்கிற மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிறார், அவன் வாயாலேயே வரும் வரை. சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏன்டே, இந்த மனுசன் கத்தவே மாட்டாரா?"

"மாட்டார் போலிருக்கு சித்தப்பா."

"பன்னெண்டு பிள்ளைன்னா நானுந்தான் கத்த மாட்டேன். எனக்கு அறுவத்தி நாலு!"

இந்த ஒரு வரி விமரிசனம், அந்தப் படத்துக்கு வந்த பாராட்டுக் கட்டுரைகள் பலதைவிட நேர்மையானது. எழுதியவர்கள் பெரும்பாலும் லோபெஸை ஒரு மகானாக்கினார்கள். பொறுமையின் சிகரம் என்றார்கள். படமும் கொஞ்சம் அதற்கு இடம் கொடுக்கிறது. நடுவே அவரைத் தோட்டத்தில் உட்காரவைத்து ஒரு பேட்டி. அப்பா ஸ்பெயினிலிருந்து வந்த விவசாயக் கூலி என்றும், சின்ன வயதிலிருந்தே வாத்தியாராக ஆசை என்றும் சொல்கிறார். நல்ல பேட்டிதான். ஆனால் படம் முழுக்க யாரையும் கேள்வி கேட்காமல் ஓரமாக இருந்த கேமரா, அந்த ஒரு இடத்தில் மட்டும் எழுந்து போய் ஒருத்தருக்கு நாற்காலி போட்டுவிடுகிறது.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் உயிர் சாரிடம் இல்லை, பிள்ளைகளிடம் இருக்கிறது. 'அம்மா' என்று எழுதிப் பழகுகிற பொடிசுகளிடம் ஒவ்வொருத்தர் எழுத்தையும் காட்டி, நல்லா இருக்கா, இல்லையா என்று சார் கேட்கிறார். அதுகளும் ரொம்ப சீரியஸாகத் தீர்ப்புச் சொல்கின்றன. பெரிய பிள்ளைகளும் சின்னதுகளும் சேர்ந்து தோசை மாதிரி ஒன்றைச் சுடுகிறார்கள். நாலு வயசுகள் இரண்டு, ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் மெஷினில் வைத்து என்னென்னவோ செய்து பார்க்கின்றன. யாருடைய உதவியும் இல்லை. நானும் சித்தப்பாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒருநாள் எல்லோருமாக வெளியே சாப்பிடப் போன இடத்தில், ஆளுயரம் வளர்ந்த பயிருக்குள் ஒரு குட்டிப் பெண் காணாமல் போய்விட, எல்லோரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடுகிறார்கள்.

ஒரே அறையில் எல்லா வயதும் என்பதை நாம் வறுமையின் அடையாளமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 2007-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, அட்டையும் ஏணிப்படியுமாகப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்தபோதுகூட, "ரெண்டாப்புப் பையன் நாலாப்போட உக்காந்தா எப்படி உருப்படும்?" என்று பெற்றோர் கேட்டது ஞாபகம் இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தானும் இரண்டாம் தடவை படிக்கிறான். சித்தப்பா இதைத் தியரி என்று தெரியாமலே முப்பது வருஷம் செய்திருக்கிறார். அவர் பாஷையில் இதற்குப் பெயர், 'அஞ்சாப்பை அவுத்து விட்டுருவேன்'.

மல்லுக்கட்டுகிற இரண்டு பெரிய பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிற காட்சியில் சித்தப்பா அசையவில்லை. அதில் ஒருத்தன் வீட்டுக்குக் கேமரா போகிறது. டிராக்டர் ஓட்டுகிறான். சாயங்காலம் பெருக்கல் கணக்கு வரவில்லை. அம்மா சொல்லித்தர, அப்பா வந்து சேர, இன்னும் உறவெல்லாம் கூட, ஒரு குடும்பமே ஒரு பெருக்கல் கணக்கைச் சுற்றி நிற்கிறது. எல்லோருக்கும் ஒவ்வொரு விடை. அன்பாக எடுக்கப்பட்ட காட்சி, கேலி இல்லை. இன்னொரு பையனுக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சார் மெதுவாகக் கேட்கக் கேட்க அழுதுவிடுகிறான்.

காபி வந்தபோது சித்தப்பா கேட்டார். "எல்லாஞ் சரி, ஊர்க்காரங்க எங்கடே?"

"அதான் அந்தப் பெருக்கல் கணக்கு..."

"அது வீடு. நான் ஊரைக் கேக்கேன்."

எனக்கு உறைத்தது. படத்தில் ஊர் இல்லை. மாடு இருக்கிறது, பனி இருக்கிறது, வேன் இருக்கிறது. மகனையோ மகளையோ பற்றி சாரிடம் பேச வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தை 'நம்ம பள்ளிக்கூடம்' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிற ஊர் இல்லை. நம் சினிமா இதற்கு நேர் எதிர். 'வாகை சூட வா'விலும் (2011) 'சாட்டை'யிலும் (2012) வெளியிலிருந்து ஒரு வாத்தியார் வருவார். ஊரே, அல்லது பள்ளிக்கூடமே திருந்தும். 'பசங்க' (2009) பரவாயில்லை, அங்கே பள்ளிக்கூடமும் தெருவும் ஒன்றுக்குள் ஒன்று.

சித்தப்பா பள்ளியில் ஒரு வெண்கல மணி உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் காமராஜர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, மணி, கடிகாரம், பெஞ்சு, கரும்பலகை என்று ஊர்க்காரர்களிடமே வாங்கிய காலம். அப்போது வந்த மணி அது. கொடுத்தவர் பெயர் அதில் வெட்டியிருக்கும். சித்தப்பா காலத்தில் ஆண்டு விழாவுக்கு மைக் செட் ஒரு வீட்டிலிருந்து இலவசம். மேடை, சந்தையிலிருந்து இரண்டு மாட்டு வண்டி. ஆகஸ்ட் 15-க்கு ஆரஞ்சு மிட்டாய் மளிகைக் கடைக்காரர் உபயம். கட்டபொம்மன் நாடகத்தில் யார் மகன் கட்டபொம்மன், யார் மகன் எட்டப்பன் என்பதில் ஒரு வருஷம் அடிதடியே ஆகியிருக்கிறது. "எட்டப்பனுக்கு ஆள் பிடிக்கது பெரும்பாடுடே. கடைசியில என் மகனையே போட்டேன்."

இதையெல்லாம் கேட்டு, ஆகா, என்ன ஒரு சமூக வாழ்க்கை, பிரெஞ்சுக்காரன் கோட்டை விட்டுவிட்டான் என்று முடித்திருப்பேன். அப்படித்தான் மனசுக்குள் ஒரு பாராவும் எழுதி வைத்திருந்தேன். சித்தப்பா விடவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளில் சத்துணவு சமைக்க ஓர் அம்மாவைப் போட்டார்கள். காலனித் தெரு. மறுநாளே பாதிப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரவில்லை. மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். மூன்று நாள் கழித்து ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். மைக் செட்காரரும் இருந்தார், மிட்டாய்க் கடைக்காரரும் இருந்தார். 'நம்ம பள்ளிக்கூடம் சார் இது' என்றார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஆயா அடுப்பில் நின்றார். சமையல்காரராகச் சம்பளம் வாங்கிய அந்த அம்மா முட்டை உரிப்பதும் பாத்திரம் கழுவுவதுமாக இருந்தார்.

"நீங்க என்ன செஞ்சீங்க சித்தப்பா?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பெல் அடிச்சா வீட்டுக்கு ஓடுன பிள்ளைகள்ல ரெண்டு மூணு, அந்தம்மா உரிச்ச முட்டைய மட்டும் வாங்கித் தின்னுட்டு ஓடும். வீட்ல சொல்லாது. அத யாரு சொல்லிக் குடுத்தா? நான் சொல்லிக் குடுக்கல" என்றார்.

அதற்குப் பிறகு என் விமரிசனத்தை மாற்றிக்கொண்டேன். ஊரை வெளியே நிறுத்தியது படத்தின் குறைதான். ஆனால் அதனால்தான் அந்த அறைக்கு அவ்வளவு அமைதி. லோபெஸ் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் குரலை உயர்த்த வேண்டிய, அல்லது தலை குனிய வேண்டிய ஒரு மத்தியானத்தைப் படம் காட்டவில்லை, அவ்வளவுதான். ஊர்ப் பெரியவர்கள் யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை. இருபது வருஷத்தில் தட்டியிருக்க மாட்டார்களா?

படம் வெளிவந்த பிறகு தட்டினார்கள், வேறு விதமாக. பிரான்சில் மட்டும் சுமார் பதினெட்டு லட்சம் டிக்கெட் விற்றது. ஒரு வகுப்பறை டாக்குமென்டரிக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத வசூல். 2003-ல் லோபெஸ் கோர்ட்டுக்குப் போனார். நான் நடத்திய பாடம் என் படைப்பு, அதை வைத்துச் சம்பாதித்திருக்கிறார்கள், இரண்டரை லட்சம் யூரோ வேண்டும் என்றார். சில பிள்ளைகளின் குடும்பத்தாரும் கேட்டார்கள். 2004-ல் தள்ளுபடி. 2006-ல் அப்பீலிலும் தள்ளுபடி. காசு கொடுத்தால் அது டாக்குமென்டரி அல்ல, நடிப்பு என்பது படமெடுப்பவர்கள் கட்சி. நியாயம்தான். ஆனால் எல்லோரும் மகான் என்று கொண்டாடிய ஆள் கூலி கேட்டதும், முகம் சுளித்துப் பேராசைக்காரன் என்றார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கூலிக்காரர் மகன், உழைப்புக்குக் காசு கேட்டார். தப்பாகவே இருக்கட்டும், அதில் அசிங்கம் என்ன? தலைப்பில் இருந்த இரண்டாவது வினைச்சொல் கடைசியில் வேலையைக் காட்டிவிட்டது.

சித்தப்பாவிடம் கேஸ் விஷயத்தைச் சொன்னேன். யார் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். "பாடமெல்லாம் சர்க்கார் சம்பளத்துக்கு நடத்துனதுடே. அதுல நமக்கு என்ன பாத்தியதை இருக்கு?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அந்தப் பிள்ளைக பொழுதன்னைக்கும் பனியில வந்து எறங்குதே, அதுகளுக்கு ஆளுக்கொரு சைக்கிளாவது வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றார்.

கடைசிக் காட்சியில் வருஷம் முடிகிறது. பிள்ளைகள் வரிசையாக வந்து சாருக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு லீவுக்குக் கிளம்புகிறார்கள். எல்லோரும் போன பிறகு அவர் வாசலில் நிற்கிறார். அழவில்லை, ஆனால் கிட்டத்தட்ட. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரை ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டார்.

நான் லேப்டாப்பை மூடப் போனேன். "இருடே, அந்த முதல் காட்சிய இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். காலியான அறை, தரையில் இரண்டு ஆமை.

"லீவுக்கு எல்லாரும் போயிட்டாங்கள்ல?"

"ஆமா."

"அப்ப இதுக ரெண்டையும் யாரு கொண்டு போயி வச்சுப் பாத்துப்பாங்க?"

படத்தில் அது இல்லை.