சுரண்டாமல் அடித்து எழுதுதல்

பழைய கட்டிடம் ஒன்றைச் செப்பனிடுவதும் பழைய பிரதி ஒன்றைப் பதிப்பிப்பதும் ஒரே காரியம்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டிலும் நம்மவர்கள் செய்கிற தவறும் ஒன்றே.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்ற படுகர் ஊரில் ஒரு பங்களா இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டியது. நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு என்கிறார்கள். பிறகு அவர் உதகையில் எழுப்பிய கல் பங்களா, அரசு கலைக் கல்லூரிக்குள் அகப்பட்டுப் புழக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. கன்னேரிமுக்கு வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. இடிந்து கிடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எடுத்துக் கட்டப்பட்டது. இப்போது நினைவகம்.

சென்ற வருஷம் போய்ப் பார்த்தேன். இடிபாடுகள் விஷயத்தில் மேட்டூர்க்காரனுக்கு ஒரு பாரபட்சம் உண்டு. 1934இல் அணை முடிந்து நீருக்குள் போன ஊர்களின் மிச்சம், தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும்: ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி, ஒரு தேவாலயக் கோபுரம். நீர் தின்றது போக எஞ்சியது எவ்வளவோ அவ்வளவுதான் தெரியும். இதில் பழகிய கண்ணுக்கு, சல்லிவன் வீட்டில் எது 1819, எது நேற்று என்று பிரியவில்லை. வீடு முழுவதும் ஒரே வயசில் நிற்கிறது.

என் எரிச்சல் முழுக்க நியாயமில்லை. கூரை போன வீட்டை மலைமழையில் அப்படியே விட்டிருந்தால் எரிச்சல்படக்கூட ஒன்றும் மிஞ்சியிராது.

பி.ஏ.வில் வில்லியம் மாரிஸ் எனக்குக் கவிஞராக மட்டுமே அறிமுகம். 1877இல் அவர் புராதனக் கட்டிடங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியதும், அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்று பட்டப்பெயர் இருந்ததும் பின்னால்தான் தெரிந்தது. விக்டோரியா காலத்துப் புனருத்தாரணக்காரர்கள் தேவாலயச் சுவர்களின் பழைய காரையைச் சுரண்டி, பிற்காலச் சேர்க்கைகளை இடித்து, இடைக்காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாங்கள் கற்பித்துக்கொண்டதைக் கட்டினார்கள். எதிர்ப்பு அதற்கு. (தமிழில் சுரண்டல் என்றால் வேறொன்றும் ஞாபகம் வரும். மாரிஸ் சோஷலிஸ்டும் ஆனதால் இரண்டும் பொருந்துகிறது.) மணல் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்துவிட்டுக் கும்பாபிஷேகம் நடத்திய நம் திருப்பணிகளுக்கும் அப்படியொரு சங்கம் வேண்டியிருந்தது. ஒழுகும் கூரையை அடை, சாயும் சுவருக்கு முட்டுக்கொடு, ஆனால் முட்டு முட்டாகவே தெரியட்டும் என்பதுதான் மாரிஸ் கட்சி.

1600 வாக்கில் கட்டிய கெல்ம்ஸ்காட் என்ற கிராமத்துப் பெரிய வீட்டில் 1871 முதல் 1896இல் சாகும்வரை அவர் வாடகைதாரர்தான். 1960களிலும், பின்னர் 2022இல் மறுபடி திறப்பதற்கு முன்பும் அந்த வீட்டில் கைவைத்தவர்களின் சங்கடத்தை நினைத்துப் பார்க்கலாம். மாரிஸின் வீட்டை மாரிஸ் வெறுத்த முறையில் புதுப்பிக்க முடியாதே.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இங்கிலாந்து வரை போக வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு முந்தைய வங்கிப் பேரேடுகளைப் புரட்டினால் போதும். தப்பான தொகையை பிளேடால் சுரண்டுவது குற்றம். ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். யார் கை, எந்த இடத்தில் என்பது ஐம்பது வருஷம் கழித்தும் தெரியும்.

நம் வட்டத்து நண்பர் ஒருவர், காலமான ஒரு கவிஞரின் நோட்டுப் புத்தகங்களைத் தொகுத்திருக்கிறார். கரையான் அரித்த வரிகளில் அவரே சொற்களைப் போட்டிருக்கிறார். நல்ல சொற்கள். அதுதான் பயமாயிருக்கிறது; மோசமானவையென்றால் வாசகனே கண்டுபிடித்துவிடுவான். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் சிதைந்த இடங்களைச் சிதைந்தவையாகவே விட்டார். இட்டு நிரப்பும் புலமை அவருக்கா இல்லை? இதைச் சொன்னபோது, "படிக்கிறவன் புள்ளிகளையா படிப்பான்?" என்றார் நண்பர். புள்ளிகளையும் படிக்கத்தான் வேண்டும். அந்தக் கவிஞரின் பிற்கால வரிகளில் மௌனம் எங்கே, கரையான் எங்கே என்று பிரிக்க வேறு வழி கிடையாது.

சேர்த்த சொற்கள் இருக்கட்டும், பகர அடைப்புக்குள், உங்கள் பெயரோடு என்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பிரதி அச்சகத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி.