பேசாத மொழியில் பேசும் மாந்தர்: தொடக்கக்காலப் பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சிறுகதைகளில் உரையாடல்

கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, நோக்குநிலை, உரையாடல், மொழிநடை ஆகியவற்றைச் சிறுகதையின் கூறுகளாக வரிசைப்படுத்துவது திறனாய்வு நூல்களின் வழக்கம். எல்லா மொழி இலக்கியங்களுக்கும் பொருந்தும் அளவுகோலாகவே இவ்வரிசை கையாளப்படுகிறது. ஆனால் எழுதும் மொழி ஒன்றாகவும் கதைமாந்தர் பேசும் மொழி வேறொன்றாகவும் அமையும் இலக்கியத்தில் இக்கூறுகள் அனைத்தும் ஒரே எடையுடையனவாக இருப்பதில்லை. அவற்றுள் ஒன்று, மற்றவற்றின் தரத்தைக் காட்டும் உரைகல்லாகி விடுகிறது. அதுவே உரையாடல். பிலிப்பைன்ஸ் நாட்டின் தொடக்கக்கால ஆங்கிலச் சிறுகதைகளுள் மூன்றனை எடுத்துக்கொண்டு இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

வகுப்பறை வழி வந்த வடிவம்

1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்தின் பெரும் படைப்புகளாகிய ஹோசே ரிசாலின் இரு நாவல்களும் (1887, 1891) ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டவை. 1898 டிசம்பரில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையால் நாடு அமெரிக்காவின் கைக்கு மாறியது. 1901 ஜனவரியில் இயற்றப்பட்ட 74ஆம் எண் சட்டம் பொதுக்கல்வித் துறையைத் தோற்றுவித்து, ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்னும் கப்பலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் மணிலா வந்திறங்கினர். 1908இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1910இல் அப்பல்கலைக்கழக மாணவர்களின் ‘காலேஜ் ஃபோலியோ’ இதழ் தொடங்கியது. 1921இல் சோய்லோ கலாங் எழுதிய முதல் ஆங்கில நாவல் வெளிவந்தது. ஆசிரியர்கள் வந்திறங்கியது முதல் நாவல் எழுதப்பட்டது வரை கழிந்தவை இருபது ஆண்டுகளே.

இந்த விரைவு வியப்புக்குரியது. அதே வேளையில் அதன் தன்மையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பல மொழிகளில் சிறுகதை என்னும் வடிவம் புதிதாக வந்தபோது, அதை ஏற்ற மொழி பழையதாக இருந்தது. தாலாட்டும் வசையும் பழமொழியும் வழக்காடலும் பழகிய மொழியில் புதிய வடிவம் வந்து அமர்ந்தது. பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சிறுகதையிலோ மொழி, வடிவம் ஆகிய இரண்டுமே ஒரே பாடப்புத்தகத்தின் வழியாக வந்தன. சிறுகதை ஒருமித்த உணர்வு விளைவை நோக்கி நகரவேண்டும் என்று 1842இல் எட்கர் ஆலன் போ வகுத்த கொள்கையும், அதன்வழி அமெரிக்கக் கல்வியாளர் வளர்த்தெடுத்த கூறுகளின் பட்டியலும் மாணவர்களுக்குப் பாடமாயின. வட்டார மொழிகளில் கதை வளராமல் இல்லை. 1922இல் தொடங்கிய ‘லிவாய்வாய்’ வார இதழ் தகாலொகு மொழிக் கதைகளுக்குப் பெருங்களமாக விளங்கியது. எனினும் ஆங்கிலத்தில் எழுதியோர் தொடங்கிய இடம் தெருவன்று, வகுப்பறை.

பிலிப்பைன்ஸ் இலக்கிய வரலாறுகள் 1910 முதல் 1925 வரையுள்ள காலத்தைப் போலச்செய்தலின் காலம் என்றும், 1925 முதல் 1941 வரையுள்ள காலத்தைத் தன்னைக் கண்டறிந்த காலம் என்றும் பகுப்பதுண்டு. இப்பகுப்பு பயனுடையதே. ஆயினும், கண்டறியப்பட்டது யாது என்னும் வினாவுக்கு அது விடை தருவதில்லை. கதைப்பின்னலும் பாத்திரப்படைப்பும் 1925இலேயே கைவரப்பெற்றுவிட்டன. அதன்பின் வளர்ந்தது வேறொன்று.

மேற்குடியின் பேச்சு

பாஸ் மார்க்கெஸ் பெனிடெஸ் (1894–1983) எழுதிய ‘இறந்த விண்மீன்கள்’ 1925இல் ‘பிலிப்பைன்ஸ் ஹெரால்ட்’ இதழில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் பிலிப்பினோ ஒருவர் படைத்த முதல் நவீனச் சிறுகதையாக இது பொதுவாகக் கருதப்படுகிறது. வழக்கறிஞன் ஆல்ஃபிரெடோ, எஸ்பெரான்சா என்னும் பெண்ணுக்கு மணஉறுதி செய்யப்பட்டவன். ஊருக்கு விருந்தினளாக வந்த ஜூலியாவிடம் அவன் மனம் செல்கிறது. இருந்தும் கடமை வழி நின்று எஸ்பெரான்சாவையே மணக்கிறான். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஜூலியாவை அவளது ஊரில் காணும்போது, தான் இத்தனை காலம் போற்றிவந்த காதல் முன்பே அணைந்துவிட்டது என்பதை உணர்கிறான். விண்மீன் அணைந்த பின்னும் அதன் ஒளி நம்மை வந்தடைவது போன்றது அவன் நினைவு. எஸ்பெரான்சா என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு ‘நம்பிக்கை’ என்பது பொருள். அப்பெயரில் உள்ள முரண்நகை வெளிப்படை.

கட்டமைப்பில் குறைகாண இயலாத கதை இது. இதன் உரையாடலும் நயமுடையது. ஆல்ஃபிரெடோவும் ஜூலியாவும் பேசும் தொடர்கள் பெரும்பாலும் முடிவதில்லை. ஒருவர் தொடங்கியதை மற்றவர் வேறு பக்கம் திருப்புகிறார். சொல்ல வந்தது சொல்லப்படாமலே உணர்த்தப்படுகிறது. அத்தகைய மேற்குடிக் குடும்பங்களில் அக்காலத்தில் ஸ்பானியமும் வட்டார மொழியுமே வழங்கின. ஆயினும் அவர்களின் ஆங்கிலம் நம்மை உறுத்துவதில்லை. உள்ளத்தை மறைத்துப் பேசுவதே அக்குடியினரின் பண்பாடாக இருந்தமையால், இயல்புப் பேச்சினின்று விலகி நிற்கும் ஒரு மொழி அவர்களுக்கு இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

ஆனால் இக்கதையில் பேசாதவர் யார் என்று நோக்கினால் மற்றொரு செய்தி புலனாகும். எஸ்பெரான்சாவின் ஆதரவில் வளர்ந்த கலிக்ஸ்தா என்னும் எளிய பெண், மணம் செய்துகொள்ளாமல் ஒருவனுடன் வாழச் சென்றுவிடுகிறாள். அவள் செயல் சரியா தவறா என்பது பற்றி எஸ்பெரான்சாவும் ஆல்ஃபிரெடோவும் வாதிடுகின்றனர். கதையின் அறச்சிக்கல் முழுவதும் அவ்வாதத்தில் அடங்கியுள்ளது. கலிக்ஸ்தாவோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. கதையின் இறுதிப் பகுதியில் வழக்கின் பொருட்டு ஆல்ஃபிரெடோ தேடிச்செல்லும் சாட்சியாகிய பெண்ணும் நம் முன் தோன்றுவதில்லை. இதனை ஆசிரியரின் அலட்சியம் என்று கொள்ளுதல் பொருந்தாது. அவர்களைப் பேசவைக்கும் ஆங்கிலம் 1925இல் இன்னும் உருவாகவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

உழவனின் சொல்லும் ஆசிரியரின் எண்ணமும்

ஹோசே கார்சியா வில்யா (1908–1997) இச்சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டார். 1929இல் தம் கவிதைகளின் பொருட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட அவர், அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்றார். 1932ஆம் ஆண்டுக்குரிய சிறந்த சிறுகதைத் தொகுதியை அதன் தொகுப்பாசிரியர் எட்வர்ட் ஓ’பிரையன் வில்யாவுக்கு உரிமையாக்கினார். 1933இல் வெளிவந்த வில்யாவின் தொகுதிக்குத் தலைப்பளித்த கதை ‘இளமைக்கோர் அடிக்குறிப்பு’.

இதன் தலைவன் டோடோங், பதினேழு வயது உழவுச் சிறுவன். தேயாங்கை மணக்க விரும்புவதைத் தந்தையிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். மணம் நிகழ்கிறது, குழந்தைகள் பிறக்கின்றன, வாழ்வு சலிப்பாகிறது. ஆண்டுகள் கழிந்தபின் அவன் மகன் பிளாஸ் அதே வயதளவில் அதே வேண்டுகோளுடன் வந்து நிற்கிறான். தந்தைக்குத் தடுக்கவும் மனமில்லை, இசையவும் மனமில்லை. ஒரே உரையாடல் இருமுறை நிகழ்வதே இக்கதையின் பின்னல். இங்கு உரையாடல் ஓர் அணிகலனாக நில்லாமல் கதையைத் தாங்கும் தூணாகவே ஆகிவிடுகிறது.

வில்யா கண்ட தீர்வு சொற்சுருக்கம். தொடர்கள் சிறியவை, சொற்கள் எளியவை, தந்தையின் மௌனமும் பல்வலியும் அவர் சொற்களுக்கு நிகரான எடை பெறுகின்றன. உழவர்தம் பேச்சு குறைவானது என்பதால் இச்சுருக்கம் நம்பத்தக்கதாக அமைகிறது. ஆனால் டோடோங் பேசுவதை விட்டு எண்ணத் தொடங்கும்போது நடை மாறிவிடுகிறது. இளமையின் கனவுகளை வாழ்வு ஏன் நிறைவேற்றுவதில்லை என்னும் வினா அவன் உள்ளத்தில் எழுவதாகக் காட்டும் இடத்தில், வாழ்வு, இளமை, காதல் என்பன பெரும் கருத்துருவங்களாக வந்து நிற்கின்றன. பேச்சு உழவனுடையது, எண்ணம் ஆசிரியருடையது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தையல் தெரிகிறது. மேலும், ‘டோடோங்’ என்பது விசயன் மொழிகளில் இளைஞரை அன்புடன் விளிக்கும் சொல். கதையுள் அது வெறும் இயற்பெயராக நிற்கிறது. விளி பெயரானபோது, அவ்விளியிலிருந்த உறவு மறைந்துவிட்டது.

முறைப்பெயர் காட்டும் மொழி

மனுவெல் அர்கில்யா (1911–1944) லா யூனியன் மாநிலத்தின் நக்ரெப்கானில் பிறந்தவர், இலோகானோ மொழியினர். அவருடைய தொகுதி 1940இல் காமன்வெல்த் இலக்கியப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. தலைப்புக் கதை, மணிலாவில் மணந்த மரியாவை லியோன் தன் சிற்றூருக்கு அழைத்துவரும் ஒரு மாலைப்பொழுதைக் கூறுகிறது. கதை சொல்பவன் லியோனின் தம்பி பால்டோ. குதிரை வண்டி இருக்க மாட்டுவண்டியை அனுப்பியதும், நெடுஞ்சாலை இருக்க வறண்ட ஆற்றுப்படுகை வழியே வரச்சொன்னதும் தந்தையின் ஆணை. நகரத்துப் பெண் இந்நிலத்தில் நிலைப்பாளா என்று அறிய அவர் வைத்த தேர்வு அது. கதையில் யாரும் இதனைத் தேர்வு என்று சொல்வதில்லை. காளையைக் கண்டு அவள் அஞ்சினாளா, வழியில் என்ன செய்தாள் என்று பால்டோவிடம் தந்தை கேட்கும் ஓரிரு வினாக்களிலிருந்து நாமே உணர்ந்துகொள்கிறோம். மருமகளிடம் அவர் ஒரு சொல்லும் பேசுவதாகக் கதை காட்டவில்லை. காளைக்குத் தண்ணீர் காட்டச் சொல்வதோடு விசாரணை முடிகிறது. ஏற்பு உள்ளுறையாக நின்றுவிடுகிறது.

இக்கதையின் மொழியில் தலையாயது என்று யாம் கருதுவது ஒரு சிறு வழக்கு. பால்டோ தன் தமையனைக் குறிக்குந்தோறும் ‘என் அண்ணன் லியோன்’ என்றே குறிக்கிறான். தந்தையிடம் பேசும்போது ‘மனோங்’ என்னும் இலோகானோ முறைப்பெயர் வருகிறது. ஆங்கில மரபில் ஒருமுறை உறவைச் சொன்னபின் பெயரோ சுட்டுப்பெயரோ போதும். மீண்டும் மீண்டும் சொல்வது அம்மரபில் மிகை. ஆனால் மூத்தவரை வெறும் பெயரால் சுட்டாத சமூகத்துச் சிறுவனுக்கு அது மிகையன்று, இலக்கணம். ஆங்கிலத்தில் இல்லாத மரியாதைப் பன்மையை அர்கில்யா இவ்வாறு கூறியது கூறலால் ஈடுசெய்கிறார். முறைப்பெயரின் எடையை அறிந்த நம்மொழி வாசகர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மரியா தன் கணவனை ‘நோயெல்’ என்று அழைக்கிறாள். லியோன் என்னும் பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் கிடைப்பது அது. நகரம் அவனைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அவன் வீடு திரும்புவது பெயரும் திரும்புவதாகும். கதையின் சிக்கல் முழுவதும் விளியில் வைக்கப்பட்டுள்ளது. பெனிடெஸிடம் பேச்சு மறைப்பதற்குரிய கருவி. வில்யாவிடம் கதையைத் தாங்கும் தூண். அர்கில்யாவிடம் அது உறவின் வரைபடம்.

ஒரு விவாதம்

1940இல் சால்வடோர் லோபெஸ் (1911–1993) ‘இலக்கியமும் சமுதாயமும்’ என்னும் நூலில், கலை கலைக்காகவே என்னும் கொள்கையை மறுத்து எழுத்தாளரின் சமூகப் பொறுப்பை வலியுறுத்தினார். கலைக்கொள்கையின் முதன்மைச் சார்பாளராக விளங்கியவர் வில்யா. உருவமா உள்ளடக்கமா என்னும் இவ்விவாதமே அக்காலத்தின் மையச் சிக்கலாக இன்றளவும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் மேற்கண்ட மூன்று கதைகளையும் ஒப்புநோக்கினால் இப்பிரிவு செயற்கையானது எனத் தோன்றும். உழவரின் வாழ்வைப் பொருளாகக் கொள்வது மட்டும் சமூகப் பொறுப்பாகாது. அவ்வுழவர் தம் குரலில் பேசும்படி அயல்மொழியை வளைப்பதும் பொறுப்பே. அது முழுக்க உருவம் பற்றிய பணி. தம் ஊரின் முறைப்பெயரை ஆங்கிலத் தொடருக்குள் வைத்த அர்கில்யா, இருவர் கேட்டதையும் ஒருங்கே நிறைவேற்றினார் எனலாம்.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். அர்கில்யாவின் நக்ரெப்கான் உழவர் அக்கதையைப் படித்திருக்க இயலுமா? பெரும்பாலோர்க்கு இயலாது. 1937இல் தகாலொகு தேசிய மொழியின் அடிப்படையாக அறிவிக்கப்பட்ட காலச்சூழலில் இவ்வினா கூர்மையானது. உரையாடல் எவ்வளவு உண்மையாக அமைந்தாலும், பேசியவருக்கே அது எட்டாமற்போவது இவ்விலக்கியத்தின் நீங்காத குறை. அதனை மறைத்துப் பாராட்டுதல் திறனாய்வாகாது. எனினும், எட்டாது என்பதற்காகக் குரலைத் திரித்தெழுதலும் எட்டாதபோதும் குரலைக் காத்தெழுதலும் ஒன்றல்ல. 1938இல் வெளிவந்த ‘காந்தபுரா’ நாவலின் முன்னுரையில் ராஜாராவ் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு குடியேற்ற நாடுகளில் இருவேறு எழுத்தாளர் ஒரே சுவரில் முட்டி, ஒரே வகையில் வழி கண்டுள்ளனர்.

முடிவுரை

மொழியும் வடிவமும் ஒருங்கே பாடமாக வந்த இலக்கியத்தில், பட்டியலிட்ட கூறுகளைக் கொண்டு முதிர்ச்சியை அளத்தல் போதாது. அவை அனைத்தையும் கற்றுக்கொள்ள முடியும். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் கால்நூற்றாண்டில் கற்றுக்கொண்டனர். கற்பிக்கப்படாதது, கதைமாந்தர் ஒருவரையொருவர் எவ்வாறு அழைக்கின்றனர் என்பது. அதற்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை; வீட்டில் மட்டுமே உண்டு. 1925க்கும் 1940க்கும் இடையில் கலிக்ஸ்தாவின் மௌனத்திலிருந்து பால்டோவின் குரல் வரை இச்சிறுகதை கடந்த தொலைவே அதன் உண்மையான வரலாறு. 1944இல் ஜப்பானியப் படையினரால் அர்கில்யா கொல்லப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. இத்திசையில் அவர் மேலும் சென்றிருக்கக்கூடிய தொலைவை நாம் இழந்தோம். சென்ற தொலைவோ, பிறமொழியில் எழுத நேர்ந்த எவர்க்கும் அளவுகோலாக நிற்கிறது.