‘புல்’ என்னும் சொல்லின் பொருளெல்லை

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. இதன்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினத்தன. இன்றைய வழக்கை மட்டும் நோக்கி அப் ‘புல்’லை ஆங்கிலத்தில் ‘கிராஸ்’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. பனையைப் புல்லென்ற ஆசிரியர் பிழைபட்டார் என்ற தோற்றத்தையே அது தரும்.

‘ஒருவித்திலைத் தாவரம்’ என்பதும் முழுதும் ஒவ்வாது. பனையும் மூங்கிலும் அவ்வகையினவே. எனினும் அக்கலைச்சொல்லுக்கு அடிப்படை வித்திலை, மரபியலுக்கோ வயிரம் அமையும் இடம். உறுப்புப் பெயர்களிலும் இப்பகுப்புத் தொடர்கிறது: ஓலை, மடல், ஈர்க்கு என்பன புல்லுக்கும், இலை, தளிர், முறி என்பன மரத்துக்கும் உரியன. இவற்றுள் ஓலையையும் இலையையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் பகுப்பே மறைந்துவிடும்.

ஆகவே, ‘புல்’ என்பதைத் தமிழொலியிலேயே நிறுத்தி, அதன் வரையறையை உடன் தருதலே மொழிபெயர்ப்பாளர்க்குத் தக்க நெறியாகும்.