இரு கரைகளில் ஒரு பொருளியல் பட்டம்

பொருளியலில் இளங்கலைப் பட்டம் வாங்கத் தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு போதும். இலங்கையில் சிறப்புப் பட்டம் என்றால் நான்கு ஆண்டு. அதற்கு முன் காத்திருக்கும் காலம் தனிக் கணக்கு. திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இந்த வேறுபாட்டை ஒரே குடும்பத்துக்குள்ளேயே பார்க்கலாம். 1990இல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உயர்தரம் எழுதுகிறார்கள்.

முகாமில் ஒரு மாலை அப்படியொரு பேச்சைக் கேட்டேன். இங்கே ஒரு மாணவி பி.ஏ. கடைசிப் பருவத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள். வாட்ஸ்அப்பில் கிளிநொச்சியிலிருந்து அவளுடைய பெரியம்மா மகள். இருவருக்கும் ஒரே வயது.

“கம்பஸ் கிடைச்சிட்டுதோ?”

“வெட்டுப்புள்ளியே இன்னும் வரேல்லையடி.”

உயர்தரப் பரீட்சை எழுதி, முடிவு வந்து, இசட் புள்ளி தெரிந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளி அறிவித்து, வகுப்பு தொடங்குவதற்குள் அங்கே ஒரு பிள்ளையின் வயது இருபதைத் தாண்டிவிடுகிறது. தகுதி பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி உள்ளே போனவரைக் கைவிடுவதில்லை. கட்டணம் கிடையாது, 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல உதவித்தொகையும் பலருக்கு வருகிறது. வெளியே நிற்பவருக்குத்தான் அது எட்டாக்கனி.

இங்கே பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. மழைக்காலத்துக்குள் கல்லூரி திறந்துவிடுகிறது. பொன்னேரியின் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரிக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் போய்வரலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளையைத் தடுக்காத வாசல் இது. இந்த அகலத்தைக் குறைத்துப் பேசுவோரோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்பதில்தான் என் மனம் இலங்கைப் பக்கம் சாய்கிறது. உயர்தரத்தில் எடுப்பதே மூன்று முக்கியப் பாடங்கள். பொருளியலை எடுத்தவர் அதில் ஊறித்தான் பல்கலைக்கழகம் வருகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது. அங்கே கலைப்பீடத்தில் தமிழில் படிக்கலாம். சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். பெரிதாகப் பேசப்படாத ஒரு வசதியும் உண்டு: இலங்கை மத்திய வங்கி ஆண்டுதோறும் தரும் பொருளாதார அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுகிறது. பணவீக்கம், வெளிநாட்டு வரவுசெலவைக் காட்டும் சென்மதி நிலுவை, அரசின் கடன் ஆகியவற்றைத் தன் நாட்டின் உண்மையான அட்டவணைகளிலிருந்து தாய்மொழியில் படிக்க முடிகிறது. 2022 ஏப்ரல் 12இல் வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியதும், செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டியதும் அந்த மாணவருக்கு வெறும் பாடமல்ல. எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டே படித்தவை. அந்த நெருக்கடியால் அதே ஆண்டு மார்ச்சில் தனுஷ்கோடிக்கு மீண்டும் அகதிப் படகுகள் வந்தன.

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது, தமிழில் வருவதில்லை. தமிழ்வழியில் வந்த பொன்னேரி மாணவருக்கு மிஞ்சுவது கைடும் ஆசிரியர் தரும் நோட்ஸும்தான். சென்னைப் பல்கலைக்கழக முறையில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. தேவை விதியை வரைபடத்தோடு எழுதத் தெரிந்தால் தேறிவிடலாம். அரியர் விழாமல் பார்த்துக்கொள்வதே பலருக்குப் பெரும்பாடு.

இத்தனைக்கும் களத்துக்குப் போய்ப் படிக்கும் வழக்கம் இந்த மண்ணில் பிறந்ததுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று கேட்டு எழுதிவரச் சொன்னார். 1918இல் வந்த அவருடைய தென்னிந்தியக் கிராமங்கள் நூல் அப்படி உருவானது. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் உலகப் பொருளியலாளர்கள் அறிந்த பெயர்களாயின. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களுக்கு மறுபடி ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார்கள். அதற்கு அடுத்த தலைமுறைகளும் போயின. ஆனால் அந்த வேலை மெல்ல ஆய்வாளர் கைக்கு மாறிவிட்டது, பி.ஏ. மாணவரிடமிருந்து கேள்விப் பட்டியலை வாங்கி வைத்துவிட்டோம்.

கும்மிடிப்பூண்டியில் கேள்விக்கா பஞ்சம்? சிப்காட் எடைமேடையில் பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் நிற்கின்றன. அந்த இரும்பு உலையில் உருகி, ரோலிங் மில்லில் கட்டுமானக் கம்பியாக வெளியே வருகிறது. உயர் அழுத்த மின் இணைப்புள்ள ஆலைக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரக் கட்டணம் கூடுதல், இரவில் சலுகை. ஆகவே உலையை எந்நேரம் ஓட்டுவது என்பதே ஒரு செலவுக் கணக்கு. யார் இரவு ஷிப்டில் நிற்கிறார்கள் என்பது அதன் மறுபக்கம். நிற்பவர்களில் பலர் வடமாநிலத்துக்காரர்கள். உள்ளூர் இளைஞர் ஏன் அந்த உலைக்கு முன் நிற்பதில்லை, காண்ட்ராக்டர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார், தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் டயர் ஆலை வந்தபின் மேய்ச்சல் நிலம் இழந்தவர்கள் வீட்டில் யாருக்கு வேலை கிடைத்தது? ஒவ்வொன்றும் ஒரு முழு ஆய்வுக் கட்டுரை. கூலி, வாடகை, இடப்பெயர்வு எல்லாம் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன.

வேலை என்று வந்தால் இரு கரையும் அரசையே பார்க்கின்றன. அங்கே பட்டதாரிகள் வீதியில் இறங்கிப் போராடுகிறார்கள். 2020இல் 50,000 பட்டதாரிகளைச் சேர்க்கும் திட்டம் வந்தது. இங்கே டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம். முகாம் பிள்ளைக்கு அந்த வழியும் அடைப்பு. குடியுரிமை இல்லாததால் அரசுப் பணித் தேர்வு எழுத முடியாது. தனியார் வேலையில் எதைக் காட்டிச் சேர்வது? தானே சேகரித்த தரவில், தானே எழுதிய ஓர் அறிக்கை கையிலிருந்தால் அது மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும். அதற்குக் குடியுரிமை கேட்கும் விதி எதுவும் இல்லை.

கடைசிப் பருவத்தில் ஒரு தாளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் களஆய்வைக் கட்டாயமாக்கலாம். ஆனால் ஐம்பது, அறுபது மாணவர்களின் கேள்விப் பட்டியலைத் திருத்தி, ஆலை வாசல்வரை கூடவே போய்வர நிலையான ஆசிரியர்கள் வேண்டும். அரசுக் கல்லூரித் துறைகள் பலவும் தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவரிடம் இந்தக் களஆய்வை ஒப்படைக்க முடியாது. பாடத்திட்டக் குழு கூடுவதற்கு முன்பே நிதித்துறை நிலையான ஆசிரியர் பணியிடங்களுக்கு ஒப்புதல் தர வேண்டும்.